வாசித்ததாக எடுத்துக்கொள்வோம்

மெய்யான ஆராதனை என்பது மனிதன் தன்னை முற்றாக மறந்து, முழு இருதயத்தையும் தேவனுடைய பாதத்தில் ஊற்றிவிடுவதாகும்.

இந்த வாசகம் பன்னிரண்டடி நீளப் பனர் ஒன்றில் அச்சிடப்பட்டு, கல்முனைக்கு வடக்கே கடற்கரையோரமாக இருந்த ஒரு தகரக் கூரை ஆலயத்தின் வாசலில் கட்டப்பட்டிருந்தது. பனரின் பெரும்பங்கை அருட்கலாநிதி பிரகாஸ் அவர்களின் படம் பிடித்துக்கொண்டதால் ‘தன்னை முற்றாக மறந்து’ என்ற மூன்று சொற்களும் அவருடைய கோட்டுத் தோளுக்குப் பின்னால் போய்விட்டன. இடது பக்கம் மனிதன் நின்றான். வலது பக்கம் பாதம் இருந்தது. நடுவில் கலாநிதி.

அவர் ‘பூரண இருதய ஆராதனை ஊழியங்கள்’ என்ற அமைப்பின் தாபகர், தலைவர், பிரதான பிரசங்கியார். கலாநிதிப் பட்டம் தபாலில் ஒரு மட்டைக் குழாய்க்குள் வந்தது. சுனாமியில் கடல் வந்த அன்று அவர் கொழும்பில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய சாட்சி ‘அலைகளின் நடுவே நான் நின்றபோது’ என்றுதான் தொடங்கும். வெளிநாட்டில் அதைக் கேட்டு அழுதவர்கள் பலர்.

அந்த வெளிநாட்டுக்காரர்கள், கடல் கொண்டுபோன பழைய ஆலயத்துக்குப் பதிலாக ஒரு மண்டபம் கட்டித்தர மனம் வைத்திருந்தார்கள். ஒரேயொரு ஆசைதான் அவர்களுக்கு. இவ்வளவையும் இழந்த சனங்கள் முழு இருதயத்தோடு ஆராதிப்பதை வீடியோவில் பார்க்க வேண்டும். ஆகவே 2009 டிசம்பர் இருபத்தாறாம் திகதி, சுனாமியின் ஐந்தாம் ஆண்டு நினைவும், மே மாதத்தில் யுத்தம் முடிந்ததற்கான நன்றி ஆராதனையும் ஒரே பந்தலில், ஒரே பனரின் கீழ் நடப்பதென்று கலாநிதி தீர்மானித்தார். துக்கத்துக்கும் நன்றிக்கும் தனித்தனியாகக் கதிரை அடுக்குவானேன்?

ஒத்திகை கிறிஸ்மஸ் அன்று பின்னேரம் நடந்தது. கேக் செமிக்க முதலே சபையார் வந்து வாங்கில்களில் இருக்க வேண்டியதாயிற்று. சபை என்று பார்த்தால் பதினாலு குடும்பம்தான். வாங்கில்கள் வெறுமையாகத் தெரியக்கூடாது என்பதற்காகப் போதகர் யோபுரட்ணம் அக்கம்பக்கத்துச் சைவக் குடும்பங்களையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். அவர்களில் மீன்பிடிக்கிற வேலப்போடியும் ஒருவர்.

“கை உயரட்டும்! இன்னும் உயரட்டும்!” என்றார் கலாநிதி. “இருதயம் கமராவுக்குத் தெரியாது. கைதான் தெரியும்.”

“ஐயா, எனக்குத் தோள் மூட்டு ஏலா,” என்றார் வேலப்போடி. “அரைவாசி தூக்கினாக் காணுமா?”

“அரைவாசி இருதயம் ஆண்டவருக்கு வேண்டாம் சகோதரனே.”

“இருதயம் முழுசாத்தான் கிடக்கு ஐயா. கைதான் அரைவாசி.”

வாங்கில்களில் சிரிப்பு எழும்பியது. கலாநிதி சிரிக்கவில்லை. வேலப்போடியைத் தூணுக்குப் பின்னால் மாற்றி இருத்தினார்.

கடைசி வாங்கிலில் இருந்த குஞ்சம்மாவும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கருவாடு காயவைத்து விற்கிறவள். புருஷன் கதிர்காமன் சைவக் குடும்பத்தில் பிறந்து, கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர். பெயரை மாற்றச் சொன்னபோது மட்டும், “முருகனுக்கு ஆர் பதில் சொல்ற?” என்று கேட்டு மறுத்துவிட்டார். கடல் அவரை அந்தப் பெயரோடேயே கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஒரே மகன் ரஜிதனை, ரியூசன் முடிந்து வருகிற வழியில், இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வன்னியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. மே மாதத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மே மாதத்துக்குப் பிறகு குஞ்சம்மாவும் ஆலயத்தில் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருவாள். பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து மடியில் வைத்துக்கொள்வாள். மற்றவர்கள் பாடுவார்கள். அவளுடைய உதடு ஒட்டியபடி இருக்கும். கோபமா, பயமா, வெறுமையா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அதைப் போதகரிடம் நேரே சொன்னாள்.

“ரெண்டு பேர்ர பேரையும் இந்தக் கூரைக்குக் கீழ ஒருக்காச் சொல்ல வேணும் ஐயா. ஆண்டவர்ர காதில விழ. அது நடந்தாத்தான் எனக்கு அவரோட கதைக்க ஏலும்.”

நினைவு ஆராதனையில் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பது அந்தச் சபையின் வழக்கம். பெயர் வாசிக்கப்பட்டதும் அந்த வீட்டு ஆள் எழுந்து நிற்க வேண்டும். வேறொன்றும் இல்லை. அந்த ஒரு எழும்புதலுக்காகவே வருடம் முழுவதும் காத்திருக்கிறவர்கள் உண்டு.

“கதிர்காமன்ட பேர் பட்டியல்ல இரிக்கி கா. பதினேழாவது,” என்றார் போதகர். “ரஜிதன்ட பேர எப்பிடிப் போடுற? அவன் கடல்ல போகல்லயே.”

“எங்க போன எண்டு உங்களுக்குத் தெரியுமா ஐயா?”

போதகர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நன்றி ஆராதனையும் சேந்துதானே நடக்குது. முன்வரிசையில ஆமிப் பெரியவங்களும் வந்து இரிப்பாங்க. இந்த நேரத்தில ஏன் கா வீண் கரைச்சல்?”

“சரி ஐயா. அவர்ர பேரையாவது விடாம வாசியுங்க,” என்றுவிட்டுப் போனாள்.

வீடியோ எடுக்கக் கொழும்பிலிருந்து வரவிருந்தவர் கிறிஸ்மஸ் விருந்தில் சிக்கிக்கொண்டதால், கல்முனையில் கலியாண வீடியோக் கடை வைத்திருக்கும் றிபாஸ் என்பவனை அவசரமாகப் பிடித்தார்கள். இருபத்தெட்டு வயது. சோனகர் வீடு, தமிழர் வீடு என்று பார்க்காமல் நற்பிட்டிமுனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் கலியாணம் எடுக்கிறவன். சோனகக் கலியாணத்தில் பெண்கள் பக்கத்தை அவன் மனைவி ஹாஜறா எடுப்பாள். தமிழர் கலியாணத்தில் எல்லாவற்றையும் அவனே எடுப்பான், ஒன்றைத் தவிர. பெண்கள் அழத் தொடங்கினால் அவனுடைய கமரா வேறு பக்கம் திரும்பிவிடும்.

அது ஊரறிந்த சங்கதி. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கடல் வந்த மறுநாள் அவனுடைய உம்மா மைமூனா, தலையில் முக்காடு இல்லாமல், காணாமல்போன மகளைத் தேடிப் பள்ளிக்கூட முகாமில் அழுதுகொண்டு திரிந்தபோது, எங்கிருந்தோ வந்த ஒருவன் அவளுடைய முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கமராவைப் பிடித்தான். அந்த முகம் ஒரு வருடம் தொலைக்காட்சியில் வந்து போனது. மைமூனா அதன் பிறகு கடைத்தெருவுக்கு வரவில்லை.

றிபாஸ் இதையெல்லாம் கலாநிதியிடம் சொல்லவில்லை. “எங்கட வேலை ஊருக்கே தெரியும் சேர்,” என்று மட்டும் சொன்னான். கலாநிதிக்கு இப்போது ஊர் தெரியாது.

சனிக்கிழமை விடியவே மழை பிடித்துக்கொண்டது. ஆராதனை எட்டரைக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. அலை வந்த நேரத்துக்குச் சரியாக இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்றும் இருந்தது. கலாநிதியின் வாகனம் பத்து மணிக்கு வந்தது. அலை அன்றைக்கு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அஞ்சலி காத்திருந்தது.

முதலில் பொன்னாடை. பிரமுகர்கள் ஏழு பேர். போதகர் கலாநிதிக்குப் போர்த்தினார். கலாநிதி ஆமி அதிகாரிக்குப் போர்த்தினார். வர்த்தகப் பிரமுகர் கலாநிதிக்குப் போர்த்தினார். கலாநிதி வர்த்தகப் பிரமுகருக்குப் போர்த்தினார். பிறகு யார் யாருக்குப் போர்த்தியது என்ற கணக்கே குழம்பி, ஒருவர் தனக்குத் தானே போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ஈரக் காற்றில் புதுச் சரிகையும் வியர்வையும் வாசனைத் தண்ணியும் சேர்ந்து, பழைய சவர்க்காரத்தில் தோய்த்த கம்பளி மாதிரி ஒரு நாற்றம் முன்வரிசையிலிருந்து பின்னுக்கு நகர்ந்தது.

அதற்குள் இன்னொரு மணமும் வந்து சேர்ந்தது. கல்முனையிலிருந்து நூற்றைம்பது பிரியாணிப் பார்சல் வந்திருந்தது. பின்னறையில் கூரை ஒழுகியபடியால் அதையெல்லாம் கொண்டுவந்து திருவிருந்து மேசைக்குக் கீழே, வெள்ளைத் துணிக்குள் அடுக்கிவைத்தார்கள். போதகர் ஜெபிக்கக் கண்ணை மூடியபோது, சபையின் கண் அந்தத் துணியின் ஓரத்தில் நின்றது. மணத்துக்கு மொய்க்க வந்த இலையான்களும் அங்கேதான் நின்றன.

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தார்கள். மௌனம் வீடியோவில் வெறுமையாகப் போய்விடும் என்று கலாநிதிக்குப் பட்டிருக்க வேண்டும். ஒலிவாங்கியைப் பிடித்து, “இப்போது நாங்கள் மௌனமாக இருக்கிறோம். எவ்வளவு ஆழமான மௌனம் இது, அன்பான சகோதரரே…” என்று தொடங்கி, மௌனத்தைப் பற்றி ஒன்றே முக்கால் நிமிடம் பேசினார். மிச்சக் கால் நிமிடம் இருமினார்.

அதன் பிறகு யுத்தம் முடிந்ததற்கான நன்றி. முன்வரிசை கைதட்டியது. அதைப் பார்த்துப் பின்வரிசைகளும் தட்டின. குஞ்சம்மாவின் கை பாட்டுப் புத்தகத்துக்கு மேலே கிடந்தது. கமராவைக் கண்டதும் கலாநிதி முழந்தாளில் விழுந்தார். கமரா வேறு பக்கம் போனதும் எழும்பிக் காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

கடைசியாகப் பெயர்ப் பட்டியல். போதகர் யோபுரட்ணம் மேசையின் கீழ்த்தட்டில் வைத்திருந்த தாளைக் குனிந்து எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். பார்சல்களின் எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. முன்பக்கப் பெயர்களும் பின்பக்கப் பெயர்களும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன. கதிர்காமன் இருக்க வேண்டிய இடத்தில் தலைகீழாக ஒரு குழந்தையின் பெயர் கிடந்தது. அவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மறுபடியும் திருப்பிப் பிடித்தார். அதிலிருந்து ஒரு துளி எண்ணெய் வேதாகமத்தின் மேல் விழுந்தது.

“என்ன சுணக்கம்?” என்று கலாநிதி குசுகுசுத்தார்.

“வாசிக்க ஏலாம இரிக்கி ஐயா. மனப்பாடமா அரைவாசிதான் தெரியும்.”

கலாநிதி மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் பல சங்கங்களில் செயலாளராக இருந்து பழகியவர். ஒலிவாங்கியை வாங்கினார். “நேரத்தின் அருமை கருதி, நமது அன்பான நாற்பத்துமூன்று பேரின் பெயர்களையும் வாசித்ததாக எடுத்துக்கொள்வோம்.”

முன்வரிசையில் இருந்த வர்த்தகப் பிரமுகர், பழக்கதோஷத்தில், “ஆமோதிக்கிறேன்,” என்றார்.

சபையில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. எதற்கு எழும்புவது? எழும்பத் தயாராக வாங்கிலின் விளிம்புக்கு வந்திருந்த உடம்புகள் மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்தன. “இப்போது முழு இருதய ஆராதனை! கைகளை உயர்த்துவோம்!” என்று கலாநிதி கண்களை மூடி, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, கமரா இருந்த திசையைப் பார்த்து நின்றார்.

அப்போதுதான் கடைசி வாங்கிலில் குஞ்சம்மா எழும்பினாள்.

“கதிர்காமன்,” என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது.

“அவர்ர பேர வாசிக்கல்ல ஆண்டவரே. நான் சொல்றன். கதிர்காமன். நல்லா நீந்தத் தெரிஞ்ச மனுசன். அவர நான் கோவத்தோடதான் உமக்குத் தந்தன். அந்தக் கோவத்தையும் இந்தா எடுத்துக்கொள்ளும். ரஜிதன். இவன நான் தரல்ல. நீர் எடுத்தீரா, ஆர் எடுத்த எண்டும் தெரியா. இரிக்கானோ இல்லையோ, எங்க கிடந்தாலும் அவன் உம்மட பொறுப்பு. ஏழு மாசம் உம்மோட கதைக்காம இரிந்திட்டன். இனி எனக்கு ஏலா. வேற ஆரு எனக்கு இரிக்கா? ஒண்டுமே இல்லாம வந்திரிக்கன். இத முழுசா எடுத்துக்கொள்ளும்.”

அவள் ஈரச் சீமெந்தில் முழந்தாளிட்டாள். கை மேலே போகவில்லை. முன்வாங்கிலின் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுகை வந்தது. மே மாதத்திலிருந்து வராமல் நின்ற அழுகை.

அடுத்த வாங்கிலில் ஒருத்தி எழும்பித் தன் இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள். அதற்கடுத்து ஒரு மனிதர் தாயின் பெயரைச் சொன்னார். ஒவ்வொருவராக, பாட்டும் இல்லாமல் வாத்தியமும் இல்லாமல், பெயரைச் சொல்லிச் சொல்லி முழந்தாளிட்டார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து வேலப்போடி, “விதுசா,” என்றார். அது அவருடைய மகள். அந்தச் சபையின் பட்டியலில் அவளுடைய பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. அவர் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. அரைவாசிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

வாங்கில்களுக்கு நடுவில் நின்ற றிபாஸ், குஞ்சம்மா முழந்தாளிட்டதும் கமராவை மெல்ல மேலே திருப்பினான். எல்லோரும் அழுது முடியும்வரை அது மேலேயே நின்றது.

கலாநிதி கண்ணைத் திறக்கவில்லை. பின்வாங்கில்களில் எழும் விம்மல் அவருக்கு நன்றாகக் கேட்டது. தன்னுடைய முகமும் அதன் பின்னணியில் அந்த அழுகைச் சத்தமும் ஒரே காட்சிக்குள் எவ்வளவு எடுப்பாக விழும் என்பதை நினைத்தவுடன் அவருடைய முகத்தில் உண்மையாகவே ஒரு பரவசம் வந்தது.

பிரமுகர்கள் பார்சலோடு புறப்பட்டுப் போனதும் கலாநிதி கமராவின் சின்னத் திரையில் பார்க்க உட்கார்ந்தார். பொன்னாடைகள் வந்தன. மௌனம் பற்றிய உரை வந்தது. முழந்தாளில் விழுந்தது வந்தது. பிறகு கூரை விசிறி வந்தது.

மூன்று நிமிடத்துக்கு மேலாகக் கூரை விசிறி. மின்சாரம் போதாமல் அது சுற்றவும் இல்லை. அதன் ஒரு இதழில் ‘அன்பளிப்பு: அருட்கலாநிதி பிரகாஸ்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கலாநிதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றாக வெறுக்கிற முகத்தோடு பார்த்தார் என்று சொல்லமுடியாது. சத்தம் என்று வந்தது மழை மட்டும்தான்.

பிறகு இருபது வருடமாகக் கொழும்பில் தேய்த்துக் கழுவி வைத்திருந்த அவருடைய பேச்சு ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியது.

“டேய்! என்னடா மனே இது? முகட்டப் பாத்துப் புடிச்சிரிக்காய்? சனம் அந்த அழுகை அழுகுது, நீ முகட்டப் பாத்துப் புடிச்சிரிக்காய்?”

“பொம்பிளைகள் அழுதாங்க சேர். நம்மட கடையில அத எடுக்கிற இல்ல.”

“அதுக்குத்தானேடா உன்னக் கூப்பிட்ட!”

“கலியாண வீட்டிலயும் அப்பிடித்தான் சேர். பொண்ணு உம்மாவக் கட்டிப் புடிச்சு அழக்குள்ள நான் மாலைய எடுப்பன். மாலை இல்லாட்டி பல்ப எடுப்பன். இதுவரைக்கும் ஒராளும் குறை செல்லல்ல. நீங்கதான் முதல்.”

முதலில் அழுதது யார் என்று போதகரிடம் கேட்டுக்கொண்டு கலாநிதி எழும்பி வெளியே வந்தார். குஞ்சம்மா வாசலில் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு மழை குறையக் காத்துநின்றாள். போதகரும் பின்னால் ஓடிவந்தார். கலாநிதியின் பேச்சு மறுபடியும் மேடைக்கு ஏறிவிட்டது.

“சகோதரி, நீங்கள் இன்று செய்ததுதான் மெய்யான ஆராதனை. பரலோகம் அதைப் பார்த்தது. ஆனால் கமரா பார்க்கவில்லை.”

“பாக்க வேண்டிய ஆள் பாத்திட்டாருதானே ஐயா.”

“அதை இன்னொரு முறை செய்ய வேண்டும். அதே இடத்தில். கொஞ்சம் இடது பக்கம் திரும்பி.”

“எத?”

“அந்த… இருதயத்தை ஊற்றியதை.”

குஞ்சம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோட்டின் மேல் இன்னும் ஒரு பொன்னாடை கிடந்தது. அதன் நுனியில் பிரியாணிச் சோறு ஒன்று ஒட்டியிருந்தது.

“அது குடுத்தாச்சு ஐயா. குடுத்ததத் திருப்பிக் கேட்டு வாங்கி, கமராக்குக் காட்டிப்போட்டு மறுகாக் குடுக்கவா?”

“குஞ்சம்மா, மண்டபம் கா!” என்றார் போதகர். அழுகிற குரல்தான் அதுவும். “அஞ்சு வரிசமாத் தகரத்துக்குக் கீழ இரிக்கம். மழையப் பாத்தயா?”

“ஓம் ஐயா. நல்ல மழை. அது இல்லாட்டி நான் சொன்னது முன்னுக்கு இரிந்தவங்கட காதில விழுந்திரிக்கும்.”

கலாநிதி காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தைலப் போத்தலை எடுத்து நீட்டினார். “கண்ணுக்குக் கீழே இதில் கொஞ்சம். வேறொன்றும் வேண்டாம். கண்ணீர் தானாக வரும்.”

அந்தப் போத்தல் பாதி காலியாக இருந்தது. குஞ்சம்மா அதைக் கண்டாள்.

“தலையிடிக்குப் பூசுங்க ஐயா,” என்றுவிட்டு அவள் மழையில் இறங்கிப் போனாள். பெயர் சொல்லி அழுத மற்றப் பெண்களிடம் போய்க் கேட்டார்கள். ஒருத்திக்கு உலையில் அரிசி கிடந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒருத்தி, “குஞ்சம்மாக்கா வந்தா வாறன்,” என்றாள். வேலப்போடி தானாக முன்வந்து, சேலை கட்டவும் சம்மதம் என்றார். கலாநிதி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுக்க முடியாத பெண் ஒருத்திதான் மிஞ்சினாள். போதகரின் மனைவி கஜேந்தினி, முப்பத்தெட்டு வயது, வெற்றுப் பார்சல் கடதாசிகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“நானா?” என்றாள் அவள். “எனக்கு ஆரும் சாகல்லயே.”

“வீடியோவில் பெயர் வராது சகோதரி. ஒரு அடையாளம்தான்,” என்றார் கலாநிதி.

விநியோகிக்க வந்து மிஞ்சிக் கிடந்த வெள்ளைச் சேலை ஒன்று பெட்டிக்குள் இருந்தது. அதைக் கட்டினார்கள். வளையல் கழன்றது. தோடு கழன்றது. தாலிக்கொடிதான் பிரச்சினையாக இருந்தது. இறுக்கமான கொக்கி. கஜேந்தினியின் விரல் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தாள் போலும். போதகர் யோபுரட்ணம் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கொக்கியைக் கழற்றிக் கொடியைத் தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதே பையில் ஒரு பல்லுக்குத்தி இருந்தது.

தைலம் பூசினார்கள். கொஞ்சம் கூடிவிட்டது. கஜேந்தினிக்குக் கண் திறக்க முடியவில்லை. கண்ணீரும் மூக்குச்சளியுமாக வழிந்தது. “அற்புதம்! அற்புதம்! கை உயரட்டும்!” என்று கலாநிதி தூணுக்குப் பக்கத்தில் நின்று கத்தினார். போதகர் ஒழுக்குக்குக் கீழே கமராவுக்குக் குடை பிடித்தார். அவள் அழுதாள். சேலை சரியில்லை என்று மறுபடியும் அழுதாள். பின்னால் பிரியாணிப் பெட்டி தெரிந்தது என்று மூன்றாம் முறை அழுதாள்.

றிபாஸ் ஒரு தடவைகூடக் கமராவைத் திருப்பவில்லை. நேராக முகத்துக்குப் பிடித்து எடுத்தான்.

“பார்த்தீரா தம்பி, இப்போது மட்டும் எடுக்கிறீர்,” என்றார் கலாநிதி திருப்தியாக.

“இத எடுப்பன் சேர். இது அழுகை இல்லையே.”

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. ஆலயத்துக்குள் பழைய எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. முதலாம் பாட்டுக்கு எல்லோரும் எழும்பியபோது கடைசி வாங்கிலிலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. ஏழு மாதம் பாவிக்காத குரல். இராகத்தில் நிற்கவில்லை. மற்றவர்கள் இரண்டாம் அடிக்குப் போனபோது குஞ்சம்மா முதலாம் அடியின் கடைசியில் நின்றாள். ஒருவரும் அவளுக்காக நிறுத்தவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கஜேந்தினி மட்டும், வீங்கிய கண்ணோடு, முன்வாங்கிலில் பாடாமல் இருந்தாள்.

வீடியோ வெளிநாட்டுக்குப் போனது. கொடுத்தவர்கள் அழுதார்கள் என்று கலாநிதி எழுதினார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் மண்டபம் திறந்தார்கள். நல்ல ஓட்டுக் கூரை. ஒழுகாது. திறப்பு விழாவில் பொன்னாடை இருபது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று இருக்கிறது. வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாக ஒரு பெண் இரண்டு கைகளையும் உயர்த்தி அழுகிறாள். கீழே ‘கணவனை இழந்த சகோதரியின் முழு இருதய ஆராதனை’ என்று பொன்னெழுத்தில் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவர் அவளுடைய கணவர்.